ஏப்ரல் 15: ஜாக்கி ராபின்சன் களம் புகுந்த நாள்

ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள். அந்நாளை நம் தெருக்கள்தோறும் விழாவெடுத்துப் போற்றி வருகிறோம். அதற்கு மறுநாளாகிய ஏப்ரல் 15, அமெரிக்க ஐக்கிய நாட்டில் மற்றொரு மனிதரின் பெயரால் போற்றப்படுகிறது. அன்று அந்நாட்டின் தலைமைப் பேஸ்பால் அணிகளின் ஆட்டக்காரர் அனைவரும், வெள்ளையர் கறுப்பர் என்ற வேற்றுமையின்றி, ஒரே எண் பொறித்த சட்டையை அணிந்து களமிறங்குகின்றனர். அவ்வெண் 42. அவ்வெண்ணுக்கு உரியவர் ஜாக்கி ராபின்சன். 1972-ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்ட அப்பெருமகனின் வரலாற்றை நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் எடுத்துரைப்பது பொருத்தமுடைத்து என்று கருதுகிறோம்.

பேஸ்பால் நம் நாட்டில் பரவலாக ஆடப்படும் ஆட்டமன்று. அணிக்கு ஒன்பதின்மர் ஆடுவர். எறியப்படும் பந்தை மட்டையால் அடித்துவிட்டு, சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் ஓடிச் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம் கிடைக்கும். நம்மவர்க்குக் கிரிக்கெட் எவ்வாறோ, அமெரிக்கர்க்குப் பேஸ்பால் அவ்வாறு. அதனாலேயே, அக்களத்தில் யார் நிற்கலாம், யார் நிற்கலாகாது என்ற வினா வெறும் விளையாட்டு வினாவாக இருக்கவில்லை. அந்நாட்டில் யார் முழு மனிதர் என்ற வினாவாகவே இருந்தது.

பிறப்பும் அன்னையும்

ஜாக் ரூசுவெல்ட் ராபின்சன் 1919-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த கெய்ரோ என்னும் சிற்றூரின் அருகே பிறந்தார். பெற்றோர் ஜெர்ரி, மாலி என்போர். பிறருடைய நிலத்தில் வாரத்திற்குப் பயிரிட்டு வாழ்ந்த ஏழைக் குடும்பம் அது. மாலி அம்மையாரின் தந்தையார் அடிமையாகப் பிறந்தவர். அடிமை முறை 1865-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் நிலம் ஆண்டைகளின் கையிலேயே இருந்தமையால், விடுதலை பெற்றவர்கள் மீண்டும் அதே வயல்களில் கடனாளிகளாக உழைக்க நேர்ந்தது. இந்நிலையை நம் மக்களுக்கு விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

ஜாக்கி கைக்குழந்தையாக இருந்தபொழுதே தந்தை குடும்பத்தைத் துறந்து சென்றார். ஐந்து மக்களுடன் தனித்து விடப்பட்ட மாலி அம்மையார் மனம் தளரவில்லை. 1920-இல் ஐவரையும் அழைத்துக்கொண்டு, நாட்டின் மறுகோடியில் உள்ள கலிபோர்னியா மாநிலத்துப் பாசடீனா நகருக்குத் தொடர்வண்டியில் சென்றார். அங்கே வெள்ளையர் இல்லங்களில் துணி துவைத்தும் வீட்டுவேலை செய்தும் பொருளீட்டினார். சிறுகச் சிறுகச் சேர்த்து, வெள்ளையர் வாழும் தெருவில் ஒரு வீட்டையும் வாங்கினார். அண்டை அயலார் அவர்களை அங்கிருந்து வெளியேற்ற முயன்றனர். அம்மையார் அசையவில்லை, அவ்வீட்டிலேயே மக்களை வளர்த்து ஆளாக்கினார்.

வடபுலமும் மேற்குப் புலமும் வேற்றுமையற்றவை என்று எண்ணுதல் தவறு. பாசடீனா நகரத்துப் பொது நீச்சல் குளத்தில் வெள்ளையரல்லாதார் இறங்குவதற்கு வாரத்தில் ஒரு நாள் மட்டுமே இசைவு இருந்தது. 1927-ஆம் ஆண்டு மகத் நகரத்துச் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களுடன் சென்று நீர் அருந்திய வரலாற்றை இவ்விடத்தில் நினைவு கூர்கிறோம். கண்டங்கள் வேறாயினும் நீரைக் காத்து நின்ற கொடுமை ஒன்றே.

தமையனார் பெற்ற பதக்கம்

ஜாக்கியின் தமையனார் மேக் ராபின்சன் சிறந்த ஓட்டக்காரர். 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஜெசி ஓவன்சுக்கு அடுத்தவராக வந்து வெள்ளிப் பதக்கம் வென்றார். உலகில் இரண்டாவது விரைவான மனிதர் என்ற பெருமையுடன் ஊர் திரும்பிய அவருக்குப் பாசடீனா நகராட்சி அளித்த வேலை தெருக் கூட்டும் வேலை. திறமை இருந்தால் போதும், கதவு தானே திறக்கும் என்று கூறுவோர் இச்செய்தியைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமையனாரின் கையில் இருந்த துடைப்பத்தைப் பார்த்தவாறே ஜாக்கி வளர்ந்தார்.

கல்லூரியும் படையும்

ஜாக்கி உயர்நிலைப் பள்ளியிலும் பாசடீனா இளநிலைக் கல்லூரியிலும் பயின்ற பின்னர், லாசு ஏஞ்சல்சில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கால்பந்து, கூடைப்பந்து, தடகளம், பேஸ்பால் ஆகிய நான்கிலும் பல்கலைக்கழகத்தின் சிறப்புச் சின்னம் பெற்ற முதல் மாணவர் அவரே. இங்குக் கால்பந்து என்றது அமெரிக்கருக்கே உரிய வகையை. 1940-ஆம் ஆண்டு நீளந் தாண்டுதலில் அனைத்துக் கல்லூரிகளுக்கும் முதல்வராக வந்தார். ஆயினும் பட்டம் பெறும் முன்னரே, 1941-இல் கல்லூரியை விட்டு நீங்கினார். கறுப்பின இளைஞனுக்குப் பட்டத்தால் என்ன பயன் விளையும் என்ற ஐயமும், அன்னையின் சுமையைக் குறைக்க வேண்டும் என்ற கவலையும் அவரை உந்தின. பிற்காலத்தில் அவர் பெயரால் மாணவர்கள் பலர் பட்டம் பெற்றதைப் பின்னர்க் கூறுவோம்.

இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் படையில் சேர்க்கப்பட்டார். 1943-இல் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். 1944-ஆம் ஆண்டு சூலை 6-ஆம் நாள், டெக்சசு மாநிலத்துப் படைமுகாம் ஒன்றில், பேருந்தின் பின்புறத்திற்குச் செல்லுமாறு ஓட்டுநர் இட்ட கட்டளைக்கு அவர் பணிய மறுத்தார். படைத்துறைப் பேருந்துகளில் நிறவேற்றுமை கூடாது என்ற விதி அதற்கு முன்னரே வந்திருந்ததை அவர் அறிந்திருந்தார். ஆயினும் அவர்மீதே குற்றம் சாட்டிப் படைத்துறை நீதிமன்றத்தில் நிறுத்தினர். ஆகஸ்ட் 2-ஆம் நாள் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பு வந்தது. மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்சு அம்மையார் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்தது 1955-இல். அதற்குப் பதினோராண்டுகள் முன்னரே, சட்டத்தைக் கற்றறிந்து அதன்மேல் நின்று போராடிய இவ்விளைஞரின் துணிவு நம் கருத்தில் நிற்கத் தக்கது.

எழுதாச் சட்டம்

1884-ஆம் ஆண்டில் மோசசு பிளீட்வுட் வாக்கர் என்னும் கறுப்பினத்தவர், டொலீடோ நகர அணியில், அந்நாளில் தலைமை நிலையில் இருந்த லீக் ஒன்றில் ஆடினார். அதன்பின் அக்கதவு அடைக்கப்பட்டது. கறுப்பரைச் சேர்க்கலாகாது என்று எவ்வேட்டிலும் எழுதி வைக்கவில்லை. அணி முதலாளிகள் தமக்குள் ஒரு வாய்மொழி உடன்பாடு செய்துகொண்டனர்; அதுவே அறுபது ஆண்டுகளுக்கு மேல் சட்டமாக நின்றது. எழுதிய சட்டத்தை எதிர்த்து வழக்காடலாம்; எழுதாச் சட்டத்தை எம்மன்றில் எதிர்ப்பது? கேட்டால் அப்படி ஒன்றும் இல்லையே என்பர். நம் ஊர்களில் கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் நின்ற சட்டங்களும் எந்த ஏட்டில் எழுதப்பட்டிருந்தன?

கதவு அடைபட்டதால் கறுப்பின மக்கள் தமக்கெனத் தனி அணிகளை அமைத்துக்கொண்டனர். அவை அக்கால வழக்கின்படி நீக்ரோ லீக்குகள் எனப்பட்டன. அவற்றில் ஒப்பற்ற வீரர்கள் தோன்றினர். ஜோசு கிப்சன் என்பார் அவர்களுள் தலைசிறந்தவர். அவர் 1947-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள், முப்பத்தைந்தாம் அகவையில் காலமானார். கதவு திறப்பதற்கு இன்னும் மூன்று மாதங்கூட இருக்கவில்லை. திறந்த கதவின் வழியே சென்றவரைப் போற்றும்பொழுது, அடைத்த கதவின் வெளியே நின்று மாண்டவர்களையும் நாம் நினைத்தல் கடன்.

1945-ஆம் ஆண்டு ராபின்சன், மாதம் 400 டாலர் ஊதியத்தில், கான்சசு சிட்டி மோனார்க்சு என்னும் கறுப்பர் அணியில் சேர்ந்தார். அதே ஆண்டு ஏப்ரல் மாதம் பாஸ்டன் ரெட் சாக்சு அணியினர் அவரையும் வேறு இருவரையும் அழைத்துச் சோதித்துப் பார்த்தனர். அது கண்துடைப்பாகவே முடிந்தது. அவ்வணி, கறுப்பினத்தவர் ஒருவரைத் தன்னில் சேர்த்துக்கொள்ள 1959 வரை ஆயிற்று. பதினாறு தலைமை அணிகளுள் கடைசியாக இசைந்தது அதுவே.

ரிக்கியின் அறையில்

நியூயார்க் நகரின் ஒரு பகுதியாகிய புரூக்ளினில் டாட்ஜர்ஸ் என்னும் தலைமை அணி இருந்தது. அதன் தலைவர் பிராஞ்ச் ரிக்கி. சமயப் பற்றும் வணிகக் கூர்மையும் ஒருங்கே வாய்ந்தவர். இளமையில் அவர் கல்லூரி அணி ஒன்றைப் பயிற்றுவித்தபோது, அவ்வணியின் கறுப்பின மாணவர் ஒருவருக்கு விடுதியில் இடம் மறுக்கப்பட்டு, அவர் தேம்பி அழுததைக் கண்டவர். அந்நினைவு அவர் நெஞ்சில் இருந்தது. சிறந்த வீரர்கள் வெளியே கிடக்க, அவர்களைக் கொணர்பவன் வெல்வான் என்ற கணக்கும் அவருக்கு இருந்தது. நன்மை செய்வோரின் உள்ளத்தில் அறமும் ஆதாயமும் கலந்திருத்தல் உலகியல்பு.

1945 ஆகஸ்ட் 28-ஆம் நாள் ரிக்கி, ராபின்சனை நேரில் அழைத்து மூன்று மணி நேரம் பேசினார். வெறிகொண்ட எதிரியாகவும், இடம் மறுக்கும் விடுதிக்காரனாகவும், இழித்துரைக்கும் பார்வையாளனாகவும் தாமே நடித்துக் காட்டி, இவற்றையெல்லாம் தாங்க இயலுமா எனச் சோதித்தார். திருப்பித் தாக்கும் வீரம் வேண்டா, திருப்பித் தாக்காதிருக்கும் வீரமே வேண்டும் என்பது அவர் கேட்டதன் சாரம். ராபின்சன் இயல்பில் சினம் மிக்கவர். படைமுகாமில் பணிய மறுத்தவர். அத்தகையவர் தாம் ஒருவர் கைநீட்டினால் தம் இனம் முழுவதற்கும் கதவு மீண்டும் அடைபடும் என்பதை உணர்ந்து, அந்நிபந்தனைக்கு இசைந்தார். இப்பொறுமை அச்சத்தால் வந்ததன்று. நோக்கம் கருதி, ஒரு காலவரை வரை, தாமே பூண்டுகொண்ட நோன்பு.

இங்கு மற்றொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். ராபின்சனைக் கொண்டு சென்றமைக்காக மோனார்க்சு அணிக்கு ரிக்கி ஒரு காசும் ஈடு தரவில்லை. கறுப்பினத்தார் அரும்பாடுபட்டு வளர்த்த லீக்குகள், தம் சிறந்த வீரர்களை ஒருவர்பின் ஒருவராக இழந்து சில ஆண்டுகளில் நலிந்தன. பொதுக் கதவு திறக்கப்படும்பொழுது நம் சொந்த நிறுவனங்கள் அழியாது காத்தலும் நம் பொறுப்பே என்பதை, ஒரு கல்விச் சங்கத்தை இருபத்தைந்தாண்டு காலம் கட்டிக் காத்தவர்கள் நன்கு உணர்வர்.

மாண்ட்ரியலில் ஓராண்டு

1946 பிப்ரவரி 10-ஆம் நாள் ராபின்சன், தம்முடன் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரேச்சல் அம்மையாரை மணந்தார். செவிலியர் கல்வியில் பட்டம் பெற்றவர் அம்மையார். திருமணமான சில வாரங்களில் இருவரும் புளோரிடா மாநிலத்திற்குப் பயிற்சிக்காகச் சென்றனர். சான்போர்டு என்னும் ஊரில் அச்சுறுத்தல் எழ, ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது. ஜாக்சன்வில் நகரில் கறுப்பர் ஆடக்கூடாதென்று மைதானத்தையே பூட்டி வைத்தனர்.

அவ்வாண்டு ராபின்சன், டாட்ஜர்சின் துணை அணியாகிய கனடா நாட்டு மாண்ட்ரியல் ராயல்சில் ஆடினார். ஏப்ரல் 18-ஆம் நாள் ஜெர்சி சிட்டியில் நடந்த முதல் ஆட்டத்திலேயே, ஐந்து முறை மட்டை பிடித்து நான்கு முறை வென்றடித்தார். நான்கு ஓட்டங்கள் எடுத்தார். அணி 14-1 என வென்றது. பத்து முறைக்கு மூன்று முறை வென்றடிப்பவரே இவ்வாட்டத்தில் வல்லவர் எனப்படுவர். ராபின்சன் அப்பருவத்தில் ஆயிரத்துக்கு 349 என்ற அளவில் அடித்து லீக்கிலேயே முதல்வரானார். மாண்ட்ரியலில் பிரெஞ்சு மொழி பேசும் அண்டை வீட்டார், கருவுற்றிருந்த ரேச்சல் அம்மையாருக்கு வேண்டிய உதவிகளைச் செய்தனர்.

1947 ஏப்ரல் 15

1947 வசந்த காலத்தில் ராபின்சன் தலைமை அணிக்கு உயர்வார் என்பது தெளிவாயிற்று. டாட்ஜர்சின் தென்மாநில ஆட்டக்காரர் சிலர் அவருடன் ஆட மறுத்து ஒரு மனு எழுதிக் கையொப்பம் திரட்டினர். கென்டக்கி என்னும் தென்மாநிலத்தைச் சேர்ந்த பீ வீ ரீசு அதில் கையொப்பமிட மறுத்தார். மேலாளர் லியோ டுரோச்சர் நள்ளிரவில் ஆட்டக்காரரை எழுப்பி, அம்மனு செல்லாது என்று கடிந்துரைத்தார். ஏப்ரல் 10-ஆம் நாள் ராபின்சன் டாட்ஜர்சில் சேர்க்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது.

ஐந்து நாள்களுக்குப் பின், ஏப்ரல் 15, செவ்வாய்க்கிழமை. புரூக்ளின் எபெட்சு மைதானத்தில் பாஸ்டன் பிரேவ்சு அணியுடன் பருவத்தின் முதல் ஆட்டம். இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடியிருந்தனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள் எனக் கணித்தனர். ரேச்சல் அம்மையார் ஐந்து மாதக் கைக்குழந்தையுடன் வந்திருந்தார். இருபத்தெட்டு வயது ராபின்சன், எண் 42 பொறித்த சட்டையுடன் முதல் தளக் காவலராகக் களத்தில் நின்றார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எந்தக் கறுப்பரும் நில்லாத இடம் அது.

அன்று அவர் வென்றடித்தது ஒருமுறையும் இல்லை. ஏழாம் சுற்றில் அணி 2-3 எனப் பின்தங்கியிருந்தது. அவர் பந்தை மெல்லத் தட்டிவிட்டு விரைந்தோடினார். அவரது விரைவைக் கண்டு தடுமாறிய எதிரணியார் தவறாக எறிந்தனர். அடுத்து வந்தவர் அடித்த அடியில் ராபின்சன் ஓடி வந்து, அணியை முந்தச் செய்த ஓட்டத்தை எடுத்தார். டாட்ஜர்ஸ் 5-3 என வென்றது. வாணவேடிக்கை ஏதுமில்லை. ஒரு மனிதர் தமக்குரிய இடத்தில் நின்று தம் வேலையைச் செய்தார், அவ்வளவே. அந்த அவ்வளவுக்காகத்தான் ஓர் இனம் அறுபதாண்டு காலம் காத்திருந்தது.

அதே மாதம் 29-ஆம் நாள், தில்லியில் நம் அரசியல் நிருணய சபை, தீண்டாமையை எவ்வடிவிலும் ஒழிக்கும் விதியை ஏற்றுக்கொண்டது. அச்சபையில் அண்ணல் அம்பேத்கரும் ஓர் உறுப்பினர். 1913 முதல் 1916 வரை ராபின்சனின் களமாகிய அதே நியூயார்க் நகரில், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அவர். இரண்டு வார இடைவெளியில் இரு நாடுகளில் இரு கதவுகள் திறந்தன. ஒன்று எழுதாச் சட்டத்தை முறித்தது. மற்றது புதுச் சட்டத்தை எழுதியது.

நெருப்பாற்றில் ஓராண்டு

கதவு திறந்ததால் கொடுமை ஓயவில்லை. ஏப்ரல் 22 முதல் நடந்த ஆட்டங்களில் பிலடெல்பியா அணியினர், தம் மேலாளர் பென் சாப்மனின் தலைமையில், கேட்கக் கூசும் இழிசொற்களை ராபின்சன்மேல் வீசினர். தாம் இட்ட நோன்பை உடைத்துவிடலாமா என்று எண்ணும் எல்லைக்கே அவர் சென்றதாகப் பின்னாளில் எழுதினார். உடைக்கவில்லை. அவ்விழிசொற்கள் வேறொரு பயனையும் விளைத்தன: அதுவரை ஒதுங்கி நின்ற சக ஆட்டக்காரர் சிலர் அன்று அவர் பக்கம் சேர்ந்தனர்.

மே மாதத்தில் செயின்ட் லூயி அணியினர் சிலர் ராபின்சனுடன் ஆட மறுத்து வேலைநிறுத்தம் செய்யத் திட்டமிட்டதாகச் செய்தி வெளியாயிற்று. லீக்கின் தலைவர் போர்டு பிரிக், அவ்வாறு செய்வோர் விலக்கப்படுவர் என எச்சரித்தார். கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. விடுதிகள் இடம் மறுத்தன. ஆயினும் அரவணைத்தவர்களும் உண்டு. யூதராகப் பிறந்தமையால் தாமும் இழிசொல் கேட்டு வளர்ந்த ஹாங்க் கிரீன்பெர்க், எதிரணியில் இருந்துகொண்டே அவருக்கு ஊக்கம் அளித்தார். பீ வீ ரீசு நெருங்கிய தோழரானார்; இருவரும் தோளோடு தோள் சேர நிற்கும் சிலை 2005-இல் புரூக்ளினில் நிறுவப்பட்டது.

பருவத்தின் முடிவில் ராபின்சன் 29 தளங்களைக் கவர்ந்தோடி லீக்கில் முதலிடம் பெற்றார்; ஆயிரத்துக்கு 297 என்ற அளவில் அடித்தார். ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் என்ற விருது அவ்வாண்டுதான் முதன்முதலாக ஏற்படுத்தப்பட்டது. அதனைப் பெற்ற முதல்வர் அவரே. சூலை 5-ஆம் நாள் கிளீவ்லாந்து அணியில் லாரி டோபி என்னும் கறுப்பினத்தவர் சேர்ந்தார். 1948-இல் ராய் காம்பனெல்லா, சாட்செல் பெய்ஜ், 1949-இல் டான் நியூகோம்ப் எனப் பலர் தொடர்ந்தனர். தனி ஒருவர் புகுந்த வழி பாதையாயிற்று.

நோன்பு முடிந்த பின்

1949-இல் நாவடக்கம் என்னும் கட்டு நீங்கியது. அவ்வாண்டே அவர் ஆயிரத்துக்கு 342 என அடித்து லீக்கின் முதல்வராகவும், மிகச் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இனி அநீதி கண்டவிடத்து அவர் வாய்திறந்து பேசினார். பொறுமையாக இருந்தபொழுது அவரைப் புகழ்ந்த செய்தித்தாள்களுள் சில, பேசத் தொடங்கியதும் நன்றியற்றவர் என்று ஏசின. நம்மவர் வாய்மூடி இருக்கும்வரை நல்லவர் என்றும், உரிமை கேட்டவுடன் திமிர் பிடித்தவர் என்றும் கூறும் வழக்கம் எங்கும் உண்டு போலும்.

அதே ஆண்டு சூலை 18-ஆம் நாள் நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்னர், புகழ்பெற்ற கறுப்பினப் பாடகர் பால் ரோப்சனின் கருத்துக்கு மறுப்புரைக்குமாறு அவர் அழைக்கப்பட்டார். சென்று சான்றுரைத்தார், உடன் அந்நாட்டின் நிறவெறியையும் கண்டித்தே பேசினார். ஆயினும் செய்தித்தாள்கள் முன்னதையே பெரிதாக வெளியிட்டன. தம் இறுதி நாள்களில் எழுதிய தன்வரலாற்றில், ரோப்சன்பால் தமக்கு மதிப்பு வளர்ந்திருப்பதாக அவர் குறிப்பிட்டார். நம்மவர் ஒருவரைக் கொண்டே நம்மவர் மற்றொருவரை அடக்கும் சூழ்ச்சியை அறிவதற்கு இந்நிகழ்ச்சி உதவும்.

பத்துப் பருவங்களில் டாட்ஜர்ஸ் அணி ஆறு முறை லீக் வாகை சூடியது. 1955-இல் உலகத் தொடரையும் முதன்முறையாக வென்றது. 1956-ஆம் ஆண்டுப் பருவத்துடன் அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். 1962-இல் பேஸ்பால் புகழ் மண்டபத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் ஆனார்.

ஓய்வுக்குப் பின் உறங்கினாரல்லர். ஒரு காபி நிறுவனத்தில் துணைத் தலைவராகப் பணியாற்றியவாறே, கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்திற்காக நாடெங்கும் சென்று நிதி திரட்டினார். 1958-இல் குடியரசுத் தலைவர் ஐசனாவர், கறுப்பினத் தலைவர்கள் கூடிய அவையில் பொறுமையை வற்புறுத்திப் பேசினார். அவையில் இருந்த ராபின்சன் மறுநாளே அவருக்கு மடல் எழுதி, நூற்றாண்டுக் காலமாகப் பொறுத்துவிட்ட மக்களிடம் மேலும் பொறுமை கேட்பது முறையன்று என்று இடித்துரைத்தார். பொறுமையின் இலக்கணமாக உலகம் போற்றியவரே இவ்வாறு எழுதினார் என்பது நோக்கத்தக்கது. 1963 ஆகஸ்ட் 28-ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய வாசிங்டன் பேரணியில் தம் மக்களுடன் கலந்துகொண்டார். 1964-இல் நியூயார்க் ஹார்லம் பகுதியில், கறுப்பின மக்கள் கடன் பெறுவதற்கென ஒரு வங்கியைத் தோற்றுவிப்பதில் முன்னின்று, அதன் தலைவராக இருந்தார். 1970-இல் ஏழைகளுக்கு வீடு கட்டும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்.

இறுதி நாள்கள்

அவர்தம் கடைசி ஆண்டுகள் துயரம் நிறைந்தவை. நீரிழிவு நோயும் இதய நோயும் உடலை அரித்தன, கண்பார்வை மங்கியது. வியத்நாம் போரில் காயமுற்றுப் போதைப் பழக்கத்திற்கு ஆளாகி, அதிலிருந்து மீண்டு பிறருக்கு உதவத் தொடங்கிய மூத்த மகன், 1971 சூன் மாதத்தில் மோட்டார் வண்டி விபத்தில் மாண்டார்.

1972 அக்டோபர் 15-ஆம் நாள், சின்சினாட்டி நகரில் உலகத் தொடர் ஆட்டத்தின் முன்னர் அவருக்குப் பாராட்டு நிகழ்ந்தது. நன்றி கூறி அமர்ந்திருக்கலாம். அவரோ, அணிகளின் மேலாளராக ஒரு கறுப்பினத்தவரைக் காணும் நாளே தமக்கு நிறைவு தரும் என்று அந்த மேடையிலேயே கூறினார். ஒன்பது நாள்கள் கழித்து, அக்டோபர் 24-ஆம் நாள், தம் ஐம்பத்து மூன்றாம் அகவையில் இயற்கை எய்தினார். அவர் விரும்பிய அந்நாள் 1975 ஏப்ரலில், பிராங்க் ராபின்சன் கிளீவ்லாந்து அணியின் மேலாளராகப் பொறுப்பேற்றபோது வந்தது. காண அவர் இல்லை.

1973-இல் ரேச்சல் அம்மையார் கணவரின் பெயரால் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். கற்சிலைக்கு மாறாக அவர் தேர்ந்தது கல்வி. பொருள் வசதியற்ற மாணவர்கள் கல்லூரிக் கல்வி பெறுவதற்கு அவ்வறக்கட்டளை உதவித்தொகை அளித்தது. பட்டம் முடிக்காமல் கல்லூரியை விட்டு நீங்கியவரின் பெயரால் எத்துணைப் பட்டதாரிகள்! 1997 ஏப்ரல் 15-ஆம் நாள், ஐம்பதாம் ஆண்டு நிறைவில், 42 என்னும் எண் தலைமை அணிகள் அனைத்திலும் இனி எவருக்கும் புதிதாக வழங்கப்படாது என அறிவிக்கப்பட்டது. 2004 முதல் அந்நாள் ஜாக்கி ராபின்சன் நாளாயிற்று. 2009 முதல் அந்த ஒரு நாள் மட்டும் எல்லாரும் அவ்வெண்ணை அணிகின்றனர்.

நாம் கொள்ள வேண்டுவன

நம் நாட்டிலும் இத்தகையார் இருந்தனர். பல்வங்கர் பாலு என்னும் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பந்து வீச்சாளர், 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். புனே நகரில் அவருடன் ஒரே களத்தில் ஆடியவர்கள், அவருக்கு மட்டும் தேநீரை மண்குவளையில் வெளியே வைத்துக் கொடுத்தனர். அணித்தலைவர் பதவி அவருக்குக் கிட்டவேயில்லை. அவருடைய தம்பி விட்டலுக்கு 1923-இல்தான் கிட்டியது. ராபின்சனை அறிந்த நம் பிள்ளைகள் பாலுவையும் அறிதல் வேண்டும்.

முதல்வராகச் செல்பவரின் சுமை தனித்தன்மை உடையது. பிறர் தவறினால் அவர் ஒருவர் தவறினார் என்பர். முதல்வர் தவறினால் அவர் இனமே தவறிற்று என்பர். நம் குடும்பங்களில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பிள்ளை இச்சுமையைச் சுமந்தே செல்கிறது. அப்பிள்ளைக்கு நாம் கூற வேண்டுவது, பொறுத்துப் போ என்ற ஒரு சொல் மட்டுமன்று. ராபின்சனுக்கு உறுதுணையாக அன்னை இருந்தார், மனைவி இருந்தார், அரங்கில் திரண்ட மக்கள் இருந்தனர். தனித்து நிற்பவன் பின்னால் ஒரு சமூகம் நிற்குமாயின் அவன் தளரான். அவ்வாறு பின்னால் நிற்பதற்கே கல்விச் சங்கங்கள் தோன்றின.

மாணவச் செல்வங்களே! பொறுக்க வேண்டிய காலம் எது, பேச வேண்டிய காலம் எது என்று அறிந்து நடத்தல் ராபின்சன் வாழ்வின் முதற் பாடம். தமக்குத் திறந்த கதவைத் தம் பின்னால் அடைபட விடாது பிடித்துக்கொண்டு நின்றமை இரண்டாம் பாடம். உங்களுள் எவரேனும் ஓர் அலுவலகத்திலோ, கல்லூரியிலோ, விளையாட்டுக் களத்திலோ நம் சமூகத்தின் முதல்வராக நுழையும் நாளில், உங்களுக்கு அடுத்து வருபவருக்கு ஓர் இருக்கையை இழுத்துப் போட மறவாதீர்கள்.

வெள்ளிவிழாக் காணும் நம் சங்கம் பொன்விழாவும் மணிவிழாவும் காண்க! வாழ்க கல்வி! வளர்க சமத்துவம்!